தந்தி முதல் வலையமைப்பு வரை: கொல்கத்தாவின் அனுபவமும் தமிழ்க் கணினிக் கலைச்சொல்லாக்கமும்

1. முன்னுரை

இந்தியாவில் மின்தந்தி முதன்முதலாகச் சோதிக்கப்பெற்ற நகரம் கொல்கத்தா. நாட்டின் முதல் எண்முறை மின்னணுக் கணிப்பொறி நிறுவப்பெற்றது அந்நகரை அடுத்த பராநகரில். ஐரோப்பிய அறிவியற் சொற்களை இந்திய மொழிகளில் எவ்வாறு ஆக்குவது என்பது பற்றிய திட்டம் ஒன்று 1877ஆம் ஆண்டில் அச்சேறியதும் கொல்கத்தாவிலேயே. கம்பி, பொறி, சொல்லாக்கக் கொள்கை ஆகிய மூன்றும் ஒரே நகரத்தின் வரலாற்றில் இவ்வளவு நெருங்கி அமைந்திருப்பது அரிது. ஆயினும், இன்றைய வங்க மொழியின் கணினித் துறை எழுத்துகளைப் புரட்டுவோர் கம்ப்யூட்டர், நெட்வொர்க், சர்வர், ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஆகிய ஆங்கிலச் சொற்களையே வங்க எழுத்தில் பெரிதும் காண்பர்.

தமிழின் நிலை வேறு. இங்கு ஆக்கச் சொற்களுக்குக் குறைவில்லை. ஒரு கருத்துக்கு மூன்று சொற்கள், ஒரு சொல்லுக்கு மூன்று கருத்துகள் என்னும் நிலையே இடர் தருகின்றது. தமிழ்நாட்டில் வெளியான வலையமைப்பு நூலைப் படித்த மாணவர் யாழ்ப்பாணத்துப் பாடநூலை எடுத்தால், பொருள் தெரிந்திருந்தும் சொல் தெரியாமல் தயங்குகிறார். இரு நாட்டு வாசகர்க்கும் பொதுவாக ஒரு கையேட்டைப் பெயர்க்க வேண்டிய மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு பத்தியிலும் தாமே முடிவெடுக்க வேண்டியவராகிறார்.

வங்க மொழி கடன்வாங்கலின் பக்கமும் தமிழ் பன்மைச் சொல்லாக்கத்தின் பக்கமும் சென்றமைக்குக் காரணம் என்ன என்பதையும், கொல்கத்தாவின் வரலாற்றிலிருந்து தமிழ்ச் சொல்லாக்கத்திற்குக் கிடைக்கும் அளவுகோல் எது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கின்றது. இயக்க முறைமை, வலையமைப்பு ஆகிய இரு துறைகளின் அடிப்படைச் சொற்கள் மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

2. கம்பி தந்த சொற்கள்

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வில்லியம் ஓஷானெசி 1839ஆம் ஆண்டில் நகருக்கு அருகில் மின்தந்திச் சோதனைகளை நடத்தினார். கல்கத்தாவுக்கும் டயமண்டு துறைமுகத்துக்கும் இடையிலான தடம் 1850இல் தொடங்கப்பெற்று 1851இல் பயன்பாட்டுக்கு வந்தது. 1854ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கல்கத்தாவிலிருந்து ஆக்ராவுக்குச் செய்தி சென்றது. 1855இல் பொதுமக்களும் தந்தி அனுப்ப வழி பிறந்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு செய்தி கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு நேரே செல்லவில்லை. ஆக்ரா சென்று, அங்கிருந்து பம்பாய்க்கும், பம்பாயிலிருந்து சென்னைக்கும் சென்றது. இடைநிலையங்களில் பணியாளர் செய்தியைப் பெற்று, எழுதிக்கொண்டு, அடுத்த தடத்தில் மீண்டும் அனுப்பினர். இன்றைய வலையமைப்பு நூல்கள் ‘தேக்கி அனுப்புதல்’ என விளக்கும் முறையின் வேலை வடிவம் இதுவே. அனுப்பும் இடம், பெறும் இடம், இடைக்கணு, வழி, முகவரி, இரு முனையினரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட குறியீட்டு ஒழுங்கு ஆகிய அனைத்தும் தந்தியில் இருந்தன. வலையமைப்பு என்னும் கருத்து கணினியோடு பிறந்ததன்று என்பது சொல்லாக்கத்திற்கு இன்றியமையாத உண்மையாகும்.

இப்புதிய அமைப்புக்கு மக்கள் இட்ட பெயர்கள் ஆராயத்தக்கவை. வங்க மொழியில் ‘தார்’ என்றால் கம்பி. அதுவே தந்திக்கும் பெயராயிற்று. தந்தி அனுப்புவதை ‘தார் செய்தல்’ எனும் பொருள்பட வழங்கினர். தமிழில் யாழ் நரம்பையும் கம்பியையும் குறித்த ‘தந்தி’ என்னும் சொல் அவ்வாறே செய்திக்கு ஆயிற்று. ஆங்கிலப் பெயர் கிரேக்கச் சொற்களிலிருந்து ‘தொலைவு எழுத்து’ என்னும் பொருளில் ஆக்கப்பெற்றது. வங்காளியரும் தமிழரும் அப்பெயரின் பொருளைப் பெயர்க்கவில்லை. கண்முன் தெரிந்த கம்பியைக் கொண்டு செய்தியைச் சுட்டினர். இஃது ஆகுபெயர் வழிப்பட்ட சொல்லாக்கம்.

இவ்வாறு பிறந்த சொல்லின் வளத்திற்கு வங்க மொழியே சான்று. கம்பியில்லாத் தொடர்பு வந்தபோது ‘இல்லாத’ என்னும் பொருள் தரும் ‘பே’ என்னும் பாரசீக முன்னொட்டைச் சேர்த்து ‘பேதார்’ என்றனர். கல்கத்தா வானொலி நிலையம் 1927இல் தொடங்கியது. 1929இல் அதன் வங்க மொழி இதழ் ‘பேதார் ஜகத்’, அதாவது ‘வானொலி உலகம்’, என்னும் பெயரில் வெளிவரலாயிற்று. ஒரு வேர்ச்சொல் நிலைபெற்றிருந்தமையால் அடுத்த கருவிக்குரிய சொல் அதிலிருந்தே கிளைத்தது. தமிழில் ‘கம்பியில்லாத் தந்தி’ என்னும் தொடர் இதே முறையில் அமைந்தது. பின்னர் ‘வானொலி’ அதனை விஞ்சியது. 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இந்தியாவில் தந்திச் சேவை நிறுத்தப்பெற்றது. எனினும் 1942இல் தொடங்கப்பெற்ற நாளிதழ் ஒன்றின் பெயரில் ‘தந்தி’ இன்றும் வாழ்கின்றது. பொருள் மறைந்த பின்னும் சொல் நிற்கிறது.

3. மித்ராவின் திட்டமும் பின்வந்த குழுக்களும்

தந்திக்கு மக்கள் பெயரிட்டனர். அறிவியலுக்குப் புலவர் பெயரிட வேண்டியிருந்தது. ராஜேந்திரலால் மித்ரா 1877இல் கல்கத்தாவில் வெளியிட்ட சிறுநூல், ஐரோப்பிய அறிவியற் சொற்களை இந்திய மொழிகளில் ஆக்குவதற்கான திட்டத்தை முன்வைத்தது. எல்லாவற்றையும் மொழிபெயர்த்தல் என்ற முனையையும், எல்லாவற்றையும் ஒலிபெயர்த்தல் என்ற முனையையும் அவர் ஏற்கவில்லை. சொற்களை முதலில் வகைப்படுத்த வேண்டும். சில வகைகள் மொழிபெயர்ப்புக்கும் சில வகைகள் ஒலிபெயர்ப்புக்கும் உரியன என்பதே அவர் அணுகுமுறையின் சாரம். சொல்லாக்க முறையைத் தீர்மானிப்பது பற்றோ வெறுப்போ ஆகாது, சொல்லின் வகையே என்னும் கருத்து இந்திய மொழிகளின் கலைச்சொல் வரலாற்றில் ஒரு திருப்பம் எனலாம்.

அதன்பின் 1893இல் தோன்றி அடுத்த ஆண்டில் இப்பெயர் பெற்ற வங்கீய சாகித்திய பரிஷத் தன் இதழில் கலைச்சொற் பட்டியல்களுக்கு இடமளித்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1934இல் கலைச்சொற் குழு ஒன்றை அமைத்தது. அதன் தலைவர் ராஜசேகர் பாசு வேதியியல் தொழில் நிறுவனத்தில் பணியாற்றியவர்; அகராதி தொகுத்தவர்; நகைச்சுவைக் கதாசிரியருமாவார். ஆய்வகம், அகராதி, பேச்சுவழக்கு ஆகிய மூன்றையும் அறிந்த ஒருவர் அப்பொறுப்பில் இருந்தமை குறிப்பிடத்தக்கது. 1948இல் இயற்பியலறிஞர் சத்யேந்திரநாத் போசு வங்கீய விஞ்ஞான் பரிஷத்தை நிறுவினார். கலைச்சொற்கள் முழுமையாக அமையும் வரை தாய்மொழி அறிவியற் கல்வி காத்திருக்க வேண்டியதில்லை என்பது அவர் நிலைப்பாடு.

தமிழிலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்தில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தமிழ் அறிவியற் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் அமைத்து இதழும் நடத்தினர். நடுவண் அரசு 1961இல் நிறுவிய அறிவியல், தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் அனைத்துலக வழக்குடைய அலகுப் பெயர்கள், ஆட்பெயர் வழி வந்த சொற்கள் முதலியவற்றை ஒலிபெயர்ப்பதும் கருத்துச் சொற்களை மொழிபெயர்ப்பதும் எனக் கொள்கை வகுத்தது. 1877ஆம் ஆண்டுத் திட்டத்தின் சாயல் இதில் தெளிவாகவே உள்ளது.

இவ்வகைப்பாட்டைக் கணினித் துறைக்குப் பொருத்தினால் நான்கு வகைகள் கிடைக்கின்றன. முதலாவது சிறப்புப் பெயர்: யூனிக்ஸ், லினக்ஸ், ஈதர்நெட். இரண்டாவது அலகு: பிட், பைட். இவ்விரு வகைகளும் ஒலிபெயர்ப்புக்கு உரியன. மூன்றாவது, பொதுவழக்குச் சொல் துறைப்பொருள் பெற்றது: கோப்பு, முகவரி, நினைவகம், துறை. நான்காவது, கருத்துக்கெனவே ஆக்கப்பெற்ற தொடர்: இயக்க முறைமை, பொதி நிலைமாற்றம். சிக்கல்கள் அனைத்தும் பின்னிரு வகைகளிலேயே எழுகின்றன.

4. பொறியின் வருகையும் ‘இயக்கம்’ என்னும் சொல்லும்

மகலனோபிசு 1931இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் எச்இசி-2எம் என்னும் பிரித்தானியக் கணிப்பொறி 1950களின் நடுப்பகுதியில் நிறுவப்பெற்றது. அடுத்துச் சோவியத்து நாட்டின் யூரல் வந்தது. 1966இல் அந்நிறுவனமும் யாதவ்பூர் பல்கலைக்கழகமும் இணைந்து உருவாக்கிய ஐஎஸ்ஐஜேயு-1 இயங்கத் தொடங்கியது.

எச்இசி-2எம் பொறியின் உருளை நினைவகம் 1024 சொற்களைக் கொண்டது. அதில் இன்றைய பொருளில் இயக்க முறைமை இல்லை. நிரலைப் பொறிமொழியிலேயே எழுதி, துளையட்டையில் பொறித்து, பொறிக்கு ஊட்டி, முடிந்ததும் அடுத்த பணியை ஏற்றுதல் வரை எல்லாம் மனிதர் கையால் நிகழ்ந்தது. அவ்வேலையைச் செய்தவர் இயக்குநர். பணிகளை வரிசைப்படுத்துதல், உள்ளீட்டையும் வெளியீட்டையும் கையாளுதல், நினைவகத்தைப் பங்கிடுதல் ஆகிய இயக்குநர் வேலைகளைச் செய்யும் நிரல்தொகுதி தோன்றியபோது அதற்கு ‘ஆப்பரேட்டிங் சிஸ்டம்’ என்னும் பெயர் பொருந்தியது. பொறியை இயக்கிய மனிதரின் நினைவு அப்பெயருக்குள் உள்ளது.

இவ்வரலாற்றை அறிந்து நோக்கினால் தமிழில் வழங்கும் மூன்று சொற்களின் வேறுபாடு தெளிவாகும். ‘இயக்க முறைமை’ பிறவினைப் பகுதியான ‘இயக்கு’ என்பதோடு தொடர்புறுத்தி உணரப்படுவது. பொறியை இயக்கும் ஒழுங்கமைப்பு என்னும் பொருள் தருவது. ‘இயங்குதளம்’ தன்வினைப் பகுதியான ‘இயங்கு’ என்பதைக் கொண்டது. நிரல்கள் இயங்குவதற்குரிய தளம் என விரிவது. இலங்கைப் பாடநூல்களின் ‘பணிசெயல் முறைமை’ செய்யப்படும் பணியை முன்னிறுத்துகின்றது. மூன்றும் பிழையல்ல, மூன்று கோணங்கள். பொறியாளர் நோக்கில் முதற்சொல்லும், நிரல் எழுதுவோர் நோக்கில் இரண்டாவதும் இயல்பானவை.

ஆனால் சொல்லைத் தனியே எடைபோடுவது போதாது. ‘தளம்’ என்பதைப் பின்தொடர்ந்தால் இயங்குதளம், இணையதளம், தரவுத்தளம் என மூன்று வெவ்வேறு கருத்துகள் ஒரே ஈற்றைப் பகிர்ந்துகொள்வதைக் காணலாம். ஆங்கிலத்தில் இம்மூன்றும் முற்றிலும் வேறான சொற்கள். ‘தளத்தைப் புதுப்பிக்கவும்’ என்னும் கட்டளை எதைச் சுட்டுகிறது என்பதைச் சூழலே தெரிவிக்க வேண்டியுள்ளது. ‘முறைமை’ என்னும் ஈற்றுக்கு இவ்விடர் குறைவு. கோப்பு முறைமை, இயக்க முறைமை, எண் முறைமை ஆகிய யாவும் ‘ஒழுங்கமைந்த தொகுதி’ என்னும் ஒரே பொருளில் நிற்கின்றன.

‘செயலி’ என்னும் சொல்லுக்கு நேர்ந்தது இதனினும் கடிது. நுண்செயலி, மையச் செயலி என்னும் வழக்குகளில் அது கணக்கீட்டைச் செய்யும் மின்னணு உறுப்பு. கைபேசிகள் பரவிய பின் அதே சொல் பயன்பாட்டு நிரலுக்கும் வழங்கலாயிற்று. ‘செயலி மெதுவாக உள்ளது’ என்றால் குறை வன்பொருளிலா, மென்பொருளிலா? இரு பிரிவினரும் தத்தம் துறையில் நல்ல சொல்லையே தேர்ந்தனர். இரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்ப்பதற்கு இடமில்லாமற் போயிற்று.

மாறாக, ‘கோப்பு’ ஒரு நற்பேறு. ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீனில் நூலைக் குறிப்பது. தாள்களை நூலில் கோத்து வைத்த வழக்கத்திலிருந்து வந்தது. தமிழ்க் ‘கோப்பு’ம் கோத்தல் என்னும் வினையடியாகப் பிறந்து அலுவலக வழக்கில் நிலைத்திருந்தது. கணினி வந்தபோது புதுச்சொல் வேண்டாதாயிற்று. வங்க மொழியிலும் கோத்துக் கட்டிய ஆவணத்தைக் குறிக்கும் ‘நொத்தி’ என்னும் அலுவலகச் சொல் உண்டு. வங்காளதேச அரசின் மின் அலுவலக முறைக்கு ‘இ-நொத்தி’ என்று பெயரிட்டனர். ஆயினும் வங்க மொழிக் கணினித் திரைகளில் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லே நிற்கின்றது. சொல் இருந்தது, பொறிக்கு அச்சொல்லைச் சூட்டுவோர் உரிய காலத்தில் இல்லை.

இதற்கு ஒரு சமூகக் காரணத்தையும் கருத இடமுண்டு. 1960களின் நடுப்பகுதியில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் கல்கத்தாவில் கணிப்பொறி நிறுவ முற்பட்டபோது வேலையிழப்பை அஞ்சிய ஊழியர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. கணிப்பொறி ஆய்வு நிறுவனங்களுக்குள் வளர்ந்தது. எழுத்தர் மேசைக்கு வர நெடுங்காலமாயிற்று. ஆய்வு நிறுவனத்தின் எழுத்துமொழி ஆங்கிலம். ‘நொத்தி’ என்னும் சொல்லை நாள்தோறும் ஆண்ட எழுத்தர் கையில் அப்பொறி சேர்ந்தபோது ஆங்கிலச் சொற்கள் முன்னரே வேர்விட்டிருந்தன.

5. வலையமைப்புச் சொற்கள்

‘வலை’ என்னும் உருவகம் இரு மொழிகளுக்கும் பொது. வங்க மொழியில் இணையத்திற்கு ‘அந்தர்ஜால்’ என்னும் ஆக்கச் சொல் உண்டு. ‘ஜால்’ என்றால் வலை. ஆனால் அதே ஒலியுடைய மற்றொரு சொல் ‘போலி, கள்ளக் கையெழுத்து’ என்னும் பொருளிலும் அன்றாடம் வழங்குகின்றது. தமிழில் ‘பிணையம்’ என்னும் சொல் இத்தகையதே. பிணைத்தல் என்னும் வினையடியாகச் சிறப்பாக அமைந்த இச்சொல், நீதிமன்ற வழக்கிலும் வங்கி வழக்கிலும் ஈட்டுப்பொருளையும் உறுதியையும் சுட்டுகிறது. வங்கிக் கணினி அமைப்பு பற்றிய ஆவணத்தைப் பெயர்ப்பவர்க்கு இஃது ஏட்டுச் சிக்கலன்று. கடனுக்கான பிணையமும் கணினிப் பிணையமும் ஒரே பக்கத்தில் வரும். ‘வலையமைப்பு’ சற்று நீண்டதாயினும் இம்மயக்கம் அற்றது.

‘பொதி’ என்னும் சொல்லின் ஆங்கில மூலத்திற்குச் சுவையான வரலாறு உண்டு. நீண்ட செய்தியைச் சிறு துண்டுகளாக்கித் தனித்தனியே அனுப்பி மறுமுனையில் சேர்க்கும் முறையை 1960களில் அமெரிக்காவில் பால் பாரனும் இங்கிலாந்தில் டொனால்டு டேவிசும் தனித்தனியே கண்டனர். பாரன் இட்ட பெயர் நீண்ட தொடராக இருந்தது. டேவிசு ஒரு சிறு சொல்லைத் தேடி ‘பாக்கெட்’ என்பதைத் தேர்ந்தார். பிற மொழிகளிலும் அதற்கு இனச்சொற்கள் உள்ளனவா என்பதை மொழியியலாளரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். நிலைத்தது அவர் சொல்லே. கருத்தைக் கண்டவரே அதன் மொழிபெயர்ப்பையும் எண்ணிப் பெயரிட்ட அரிய நிகழ்வு இது. தமிழில் ‘பொட்டலம்’, ‘பொதி’, ‘சிப்பம்’ ஆகியன முன்மொழியப்பெற்றுள்ளன. தலைப்பகுதியில் முகவரியும் உள்ளே தரவும் கொண்ட ஒரு கட்டு என்னும் கருத்துக்கு மூன்றும் பொருந்தும். எனினும் பொதி, பொதித்தல், பொதியாக்கம், பொதி நிலைமாற்றம் எனக் கிளைக்கும் ஆற்றல் ‘பொதி’க்கே மிகுதி.

இதே அளவுகோல் ‘ரவுட்டர்’ என்னும் கருவிக்கும் பொருந்தும். வந்த பொதியின் முகவரியைப் பார்த்து, தன்னிடமுள்ள அட்டவணையோடு ஒப்பிட்டு, எந்தத் தடத்தில் அனுப்புவது என முடிவுசெய்து அனுப்புவது அதன் வேலை. 1855இல் கல்கத்தாச் செய்தியை ஆக்ராவில் பெற்றுப் பம்பாய்த் தடத்தில் ஏற்றிய பணியாளர் செய்ததும் இதுவே. தமிழ்நாட்டில் ‘திசைவி’ என்பர். இலங்கையில் ‘வழிப்படுத்தி’ என்பர். முன்னது சுருக்கமானது. ஆனால் அக்கருவியின் தொழிலை வினையாகச் சொல்ல முற்படும்போது ‘திசைவி’ உதவுவதில்லை. வழி, வழிப்படுத்தல், வழி அட்டவணை, வழிப்படுத்தி என்பன ஒரே குடும்பமாக நிற்கின்றன.

‘போர்ட்’ என்னும் சொல் உருவகத்தை ஆராயாமல் பெயர்ப்பதன் தீங்கைக் காட்டவல்லது. ஆங்கிலத்தில் ஒரே வடிவில் துறைமுகத்தைக் குறிக்கும் சொல்லும் வாயிலைக் குறிக்கும் சொல்லும் உள்ளன. இலத்தீனில் இவை இரு வேறு சொற்கள். கணினி வழக்கு வாயிற்பொருளை ஒட்டியது. ஒரு கணினிக்கு வரும் பொதிகளுள் அஞ்சலுக்கு உரியது எது, வலைப்பக்கத்துக்கு உரியது எது என எண்ணால் பிரித்து உள்ளே விடும் இடம் அது. இதனைத் ‘துறைமுகம்’ என்றால் பொருள் திரியும். ‘துறை’ என்னும் வழக்கோ தப்பிப் பிழைக்கிறது. தமிழில் துறை என்பது நீரில் இறங்குவதற்கும் ஏறுவதற்கும் உரிய இடம். கல்கத்தாவின் ஊக்ளி ஆற்றங்கரையில் வரிசையாக அமைந்த படித்துறைகளை எண்ணினால் உவமை விளங்கும்: ஆறு ஒன்று, கரை ஒன்று, ஆயினும் நீராடுவோர்க்கு ஒரு துறை, ஓடத்திற்கு ஒரு துறை, ஈமத்திற்கு ஒரு துறை.

‘ஹோஸ்ட்’ என்பதைப் ‘புரவலன்’ எனப் பெயர்ப்பது இத்தகைய நன்மை விளைப்பதன்று. வலையமைப்பில் முகவரி பெற்ற எந்தக் கணினியும் அப்பெயர்க்கு உரியது. பிறர்க்கு எதையும் வழங்காமல் கேட்டுப் பெறுவது மட்டுமே செய்யும் கணினியும் அதில் அடங்கும். கொடுப்பவனைக் குறிக்கும் புரவலன் அங்கே பொருந்தான். கொடுக்கும் பங்குக்கு ‘வழங்கி’யும் பெறும் பங்குக்கு ‘வாங்கி’யும் தமிழில் உள்ளன. வினைமுதலை வெளிப்படையாகக் காட்டும் இவ்விணை, ஆங்கில மூலத்தின் ஏவலன், கட்சிக்காரன் ஆகிய உருவகங்களைக் கைவிட்டுத் தொழிலை மட்டும் பற்றுகின்றது. ஒரே கணினி ஒருகால் வழங்கியாகவும் மறுகால் வாங்கியாகவும் இருக்கக்கூடும் என்பதும் இச்சொற்களால் எளிதில் விளங்கும். இலங்கையின் ‘சேவையகம்’ இடத்தைச் சுட்டுவதால், மென்பொருளையும் அதே பெயரால் அழைக்க நேரும்போது சிறிது இடறுகின்றது.

‘புரோட்டோகால்’ கிரேக்கத்தில் ஏட்டுச் சுருளின் முதலில் ஒட்டப்பெற்ற தாளைக் குறித்தது. பின் அரசுகளிடை ஒழுங்கைக் குறித்தது. அதன்பின் கணினிகளிடை ஒழுங்கைக் குறித்தது. முதற்பொருளை எவரும் பெயர்க்க முனையவில்லை. தமிழ்நாட்டின் ‘நெறிமுறை’யும் இலங்கையின் ‘நடப்பொழுங்கு’ம் இறுதிப் பொருளையே பற்றின. எனினும் ‘நெறிமுறை’ அறவொழுக்கத்தையும் குறிப்பதால், கணினிப் பயன்பாட்டின் அறநெறி பற்றிய நூலில் இரண்டும் மோதும். இவ்விடத்தில் ‘நடப்பொழுங்கு’ துல்லியமானது. யாழ்ப்பாணத்து வேலிக் கதவைக் குறிக்கும் ‘படலை’ இலங்கைப் பாடநூல்களில் ‘தர்க்கப் படலை’ என மின்னணுச் சொல்லானதும் நினைக்கத்தக்கது. கண்முன் உள்ள பொருளிலிருந்து சொல் எடுக்கும் ‘தார்’, ‘தந்தி’ மரபு அங்கே தொடர்கின்றது.

6. இரு மொழிகள், இரு பாதைகள்

விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் 1995ஆம் ஆண்டு ஆகத்து 15 அன்று பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோது கல்கத்தாவும் சென்னையும் முதற்கட்ட நகரங்களுள் இருந்தன. அதற்கு முன்னரே, 1986இல் தொடங்கிய எர்னெட் திட்டத்தின்வழி கரக்பூர், சென்னை ஆகிய இடங்களின் தொழில்நுட்பக் கழகங்கள் கல்வி வலையமைப்பில் பங்குபெற்றன. பொறி வந்த காலம் இரு பகுதிகளுக்கும் ஏறத்தாழ ஒன்றே.

வேறுபட்டது சொல் வழங்கிய களம். தமிழில் 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் கூடிய தமிழிணைய மாநாடுகள், 2000இல் தோன்றிய உத்தமம் அமைப்பு, தனியார் தொகுத்த அகராதிகள், இதழ்கள், தன்னார்வ மென்பொருள் மொழிபெயர்ப்பாளர் எனப் பல களங்கள் ஒரே காலத்தில் இயங்கின. இலங்கையில் பள்ளிப் பாடநூல் தனிக்களமாக இருந்தது. பல களங்கள் இருந்தமையால் சொல் பெருகிற்று. அவற்றுக்கிடையே பாலம் இன்மையால் சொல் பிளவுபட்டது. வங்க மொழியிலும் 2000களின் தொடக்கத்தில் ‘அங்குர்’ என்னும் தன்னார்வக் குழு மேற்கு வங்கத்தினரையும் வங்காளதேசத்தினரையும் இணைத்துக் கட்டற்ற மென்பொருளை மொழிபெயர்த்தது. ஆயினும் ஆங்கிலச் சொற்கள் அதற்குள் வழக்காகிவிட்டிருந்தன.

இதனைக் கொண்டு வங்க மொழி தோற்றது, தமிழ் வென்றது எனக் கூறுதல் பொருந்தாது. வங்க மொழியின் எல்லைக்கு இருபுறமும் உள்ள வாசகர் ‘சர்வர்’ என்பதை ஒரே பொருளில் உணர்கின்றனர். தமிழர் பேச்சிலும் ‘போன்’, ‘நெட்’ ஆகியனவே மிகுதி. தொலைபேசியும் இணையமும் எழுத்தில் வாழ்கின்றன. கடன்சொல் ஒருமையைத் தருகிறது. கிளைக்கும் ஆற்றலைத் தருவதில்லை. ஆக்கச் சொல் கிளைக்கும். ஒருமைக்கு உழைப்பு வேண்டும். தமிழ் ஆக்கச் சொற்பாதையைத் தேர்ந்துவிட்ட நிலையில் அவ்வுழைப்பை ஏற்பது தவிர வழியில்லை.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மொழிபெயர்ப்பாளர்க்கும் அகராதி தொகுப்போர்க்கும் பயன்படத்தக்க நான்கு சோதனைகளை வகுக்கலாம். ஒன்று, சொல் எந்த வகையினது என முதலில் தெளிதல். சிறப்புப் பெயரையும் அலகையும் பெயர்க்க வேண்டா. இரண்டு, ஆங்கில உருவகத்தை விடுத்துக் கருவியின் தொழிலை நோக்குதல். ‘வழங்கி’ பொருந்துவதும் ‘புரவலன்’ பொருந்தாததும் இதனாலேயே. மூன்று, அருகிலுள்ள துறைகளில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டா எனக் காணுதல். பிணையம், செயலி, தளம் ஆகியன இச்சோதனையில் இடர்ப்படுகின்றன. நான்கு, வினை, கருவி, விளைவு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்குடும்பம் அதிலிருந்து கிளைக்குமா எனப் பார்த்தல். பொதியும் வழிப்படுத்தியும் இதில் தேறுகின்றன.

இச்சோதனைகளைக் கடந்த சொற்களை எந்த நாட்டு வழக்கு என்னும் வேறுபாடின்றி ஏற்றுக்கொள்வதும், இருவழக்கு நிலைத்துவிட்ட இடங்களில் கலைச்சொல் அகராதிகள் இரண்டையும் ஒரே பதிவில் இணைத்துக் காட்டுவதும் உடனடியாகச் செய்யத்தக்கன. ‘நொத்தி’ இருந்தும் கணினித் திரையில் ஏறாமற் போனது சொற்பஞ்சத்தால் அன்று. அச்சொல்லை ஆண்டவரும் பொறியை ஆண்டவரும் வெவ்வேறு அறைகளில் இருந்தனர். தமிழில் இன்று அவ்விருவரும் ஒரே அறையில் உள்ளனர். ஆனால் அறைகள் பல. அவற்றுக்கிடையே கதவுகளைத் திறப்பது கலைச்சொல் ஆய்வின் அடுத்த பணியாகும்.